இன்ஜின் இரைச்சலில் திமிங்கலம் கேட்குமா?

கேள்வி: ஆராய்ச்சிக் கப்பலில் போய்த் திமிங்கலம், டால்பின் சத்தங்களைப் பதிவு செய்கிறார்களாமே? எங்கள் விசைப்படகிலேயே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. கப்பலில் எப்படி? (ஒரு வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: அப்படி ஒரு கப்பலில் ஏறியபோது எனக்கும் இதே சந்தேகம்தான். விஷயம் என்னவென்றால், மைக் கப்பலில் இருப்பதில்லை. ஹைட்ரோபோன் என்கிற நீருக்கடி மைக்குகளை எண்ணெய் நிரப்பிய குழாயில் வைத்து, சில நூறு மீட்டர் கேபிளில் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள். இன்ஜின் சத்தம் அங்கே குறைந்துவிடும்.

ஹெட்போனை மாட்டினேன். வெகுநேரம் வெறும் 'ஸ்ஸ்' சத்தம். அப்புறம் டக்... டக்... டக். யாரோ ஆணி அடிப்பதுபோல. வாசனைப் பொருளான அம்பர் தருமே, அந்த ஸ்பெர்ம் திமிங்கலம்! இரையை நெருங்கும்போது தட்டல்கள் ஒட்டி ஒட்டி வந்து, துருப்பிடித்த கீல் கிறீச்சிடுவது மாதிரி ஆகிவிடுகின்றன. சட்டென்று மௌனம். பிடித்ததா, விட்டதா, யார் கண்டார்?

நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். இரண்டு மைக்குக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத் திசை சொல்கிறார்கள். இடப்பக்கமா வலப்பக்கமா என்பது மட்டும் பிடிபடாது. அதற்குக் கப்பலைக் கொஞ்சம் திருப்ப வேண்டும்.

டால்பினின் 'கிளிக்' ஒலியின் அதிர்வெண் 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும். நம் காதுக்கு 20தான் எல்லை. மீதியைத் திரையில்தான் பார்க்கலாம். நீலத் திமிங்கலம் நேர் எதிர்: மிகத் தாழ்ந்த சுருதிக் குரல், பதிவை வேகமாக ஓட்டினால்தான் நமக்கு நன்றாகக் கேட்கும். கப்பல் இரைச்சலும் அதே தாழ்ந்த சுருதியில்தான் என்பதால் சிக்கல். 1980களில் திமிங்கல ஆய்வாளர்கள் திருகோணமலைப் பக்கம் 'டியூலிப்' என்ற பாய்மரப் படகில் போனார்கள். பாய்க்கு ஏது இரைச்சல்!