மை பூசும் வரை படிக்காதீர்கள்

கேள்வி: நடவு வேலைக்குப் போய் எங்களை வளர்த்த அம்மாச்சியைப் பற்றி ஒரு கதை எழுத ஆசை. வீட்டில் தனியிடம் இல்லாததால் சனிக்கிழமைதோறும் மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு காபிக் கடைக்கு லேப்டாப்போடு போகிறேன். நாலு வரி எழுதுவேன், படிப்பேன், மொத்தத்தையும் அழிப்பேன். ஆறு மாதமாகத் தலைப்பு மட்டும்தான் மிச்சம். சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் பூசிக்கொண்டு அம்மாச்சி திண்ணையில் கால் நீட்டிப் படுத்திருக்கும். அதைக்கூட எழுத்தில் கொண்டுவரத் தெரியாத எனக்கு எழுத்து எதற்கு?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரி, மருதாணிக் காலோடு அம்மாச்சி படுத்திருக்கும் அந்த வரியை எனக்கு எழுதிவிட்டீர்களே! கடிதம்தானே என்று எழுதியதால் அது அழியாமல் தப்பித்துவிட்டது. கதை என்று உட்கார்ந்திருந்தால் அதையும் அழித்திருப்பீர்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்கு ஒருமுறை போய் அங்குள்ள ஓலைச் சுவடிகளைப் பாருங்கள். எழுத்தாணியால் கீறியதை அழிக்க முடியாது. தப்பு வந்தால் அடித்துவிட்டு மேலே எழுத வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு. கீறும்போது எழுத்து ஓலையின் நிறத்திலேயே மங்கலாகத்தான் இருக்கும். எழுதி முடித்து மை தடவித் துடைத்த பிறகே பளிச்சென்று தெரியும். நீங்களோ ஒவ்வொரு வரிக்கும் உடனே மை பூசிப் பார்க்கிறீர்கள். எழுதுகிறவரும் குறை சொல்கிறவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் எழுத வரும்?

அதனால் லேப்டாப்பைக் கொஞ்ச நாள் வீட்டிலேயே வையுங்கள். கோடு போட்ட நோட்டும் பேனாவும் போதும். பிடிக்காத வரியை ஒரு கோட்டால் அடியுங்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அன்று எழுதியதை அடுத்த சனிக்கிழமைக்கு முன் படிக்காதீர்கள். கடையில் கூட்டமாக இருந்து, யாராவது இடத்துக்காகப் பின்னால் வந்து நின்றால் எழுந்துவிடுங்கள். அந்தச் சங்கடத்தோடு எழுதுவது வீண். ஒரு காபி குடித்து முடிக்கிற நேரத்துக்கு எழுதினாலே நிறைய.

‘எப்படித் தொடங்குவது’ என்ற கவலையையும் விடுங்கள். நான் திருத்திய கதைகள் பலவற்றில் முதல் பத்தியை எடுத்த பிறகுதான் கதை தொடங்கியிருக்கிறது. முதல் பத்தி தானாக உதிரும். இப்போது உங்களுக்கு வேண்டியது விவரம். அம்மாச்சி யாரோடு சேர்ந்து நடவுக்குப் போனார்? விடியுமுன் கிளம்பும்போது தூக்குவாளியில் என்ன இருந்தது? கூலி நெல்லாக வந்ததா, பணமாகவா? மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் குறுவை நடவு உண்டு. திறக்காத வருஷம் அந்த வீட்டில் உலை எப்படி வைத்தார்கள்? இதை உங்கள் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. அழகான வாக்கியம் வருகிறதா என்று பார்க்காமல், கேட்டதைக் கேட்டபடி எழுதி வையுங்கள்.

அம்மாச்சி இப்போது இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், இந்தச் சனிக்கிழமை காபிக் கடை வேண்டாம். நோட்டை எடுத்துக்கொண்டு அந்தத் திண்ணைக்குப் போங்கள்.