குழந்தைகள் நலக் குழுவுக்கு மேல் யார்?

கேள்வி: நான் கணவரை இழந்தவள். பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 7. ஆர்டர் நெருக்கடி வரும்போது நைட் ஷிப்ட்டுக்குப் போயே ஆக வேண்டும். பிள்ளைகளைத் தூங்க வைத்து, வெளியே பூட்டிவிட்டுப் போவேன். யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்துவிட்டார்கள். குழந்தைகள் நலக் குழு மகளை ஓர் இல்லத்திலும், மகனை வேறு ஊரில் இன்னொரு இல்லத்திலும் சேர்த்துவிட்டது. 40 நாள் ஆகிவிட்டது. போய்க் கேட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். உத்தரவு என்று எதையும் கையில் தரவில்லை. மகன் இருக்கும் இல்லத்தில் ஒரு தாளைக் காட்டி, கையெழுத்துப் போட்டால் எல்லாம் சீக்கிரம் முடியும் என்கிறார்கள். யூடியூப் சேனலில் பேசச் சொல்லி அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். இவர்களுக்கு மேல் யாருமே இல்லையா? பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தமிழ்நாடு

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதும் படித்து, புரிந்துகொள்ளும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் கேளுங்கள். தர மறுத்தால் கையெழுத்தும் இல்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள். அது மருத்துவப் பரிசோதனைக்கான சாதாரண சம்மதமாகவும் இருக்கலாம். ஆனால் "குழந்தையை வளர்க்க இயலவில்லை, ஒப்படைக்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால்கூட விஷயம் வேறு. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 35-வது பிரிவின்படி, பெற்றோர் குழந்தையை ஒப்படைக்கும் பத்திரம் குழந்தைகள் நலக் குழுவின் முன்னிலையில்தான் எழுதப்பட வேண்டும். அதற்கு முன் குழு விசாரித்து, ஆலோசனை வழங்க வேண்டும். கையெழுத்திட்ட பிறகு மனம் மாறவும் 2 மாத அவகாசம் உண்டு. அந்த அவகாசமும் கழிந்தால் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று அறிவிக்கும் அளவுக்குப் போகலாம். இல்லத்தின் வரவேற்பறையில் வைத்து வாங்கும் கையெழுத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ஏற்கெனவே எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால், இன்றே "புரியாமல் போட்டேன், என் பிள்ளைகளை ஒப்படைக்கும் எண்ணம் எனக்கு இல்லை" என்று குழுவுக்கு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அடுத்தது யூடியூப். உங்கள் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம். விசாரணையில் இருக்கும் குழந்தையின் பெயர், முகம், பள்ளி, முகவரி என எதை வெளியிட்டாலும் 74-வது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் முகத்தைக் காட்டிப் பேசினாலே பிள்ளைகள் யாரென்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளைகளின் போட்டோவைப் போடுவதும் இதில் வரும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். குழு என்பது ஒரு தலைவரும் 4 உறுப்பினர்களும் கொண்ட அமைப்பு. ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. அதனால்தான் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வது கடைசி வார்த்தை போலத் தோன்றுகிறது. அப்படி இல்லை. அவர்களுக்கு மேல் ஆட்சியர் இருக்கிறார், குழந்தைகள் நீதிமன்றம் இருக்கிறது, உயர் நீதிமன்றமும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியது வேறு வேறு. இது தெரியாமல் எல்லாப் புகாரையும் எல்லா இடத்திலும் கொடுத்து அலைந்து ஓய்ந்துபோன பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 10 வயதும் 7 வயதும் உள்ள பிள்ளைகள் ராத்திரி முழுக்கப் பூட்டிய வீட்டில் தனியாக இருந்தார்கள் என்றால், குழு விசாரிப்பது தவறில்லை. தீப்பிடித்தால் அவர்கள் எப்படி வெளியே வருவார்கள்? அந்தக் கேள்வியைக் குழு உங்களிடம் கேட்கத்தான் செய்யும். ஆனால் விசாரிப்பது வேறு, பிள்ளைகளை இல்லத்திலேயே வைத்திருப்பது வேறு. இதே சட்டத்தின் 3-வது பிரிவு, குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு பெற்ற குடும்பத்துக்கே என்கிறது. இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய கடைசி நடவடிக்கை என்றும் அதே பிரிவு சொல்கிறது. வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது 2009-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற வழிகாட்டு நெறிகளிலும் இருக்கிறது. நைட் ஷிப்ட் பார்க்கும் அம்மா என்பதால் நீங்கள் தகுதியற்ற தாய் ஆகிவிட மாட்டீர்கள். இதை உங்களுக்கு உறுதியாகவே சொல்கிறேன்.

குழுவுக்கும் கால வரம்பு உண்டு. சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் முடிய வேண்டும். பிள்ளையைக் குழுவின் முன் முதன்முதலில் நிறுத்திய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும். 40 நாளில் உங்கள் வீட்டுக்கு யாராவது வந்து பார்த்தார்களா? வரவில்லையென்றால் அதுதான் உங்கள் முதல் பிடி. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் போய், என் வீட்டு விசாரணையை யார் செய்கிறார், அறிக்கை குழுவுக்குப் போய்விட்டதா என்று கேளுங்கள். அந்த அறிக்கையை வைத்துத்தான் குழு முடிவெடுக்கும்.

அப்புறம் குழுவிடமே இரண்டு மனு கொடுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டதெல்லாம் போதும். முதல் மனு, என் பிள்ளைகள் குறித்துப் பிறப்பித்த எல்லா உத்தரவுகளின் சான்றிட்ட நகல் வேண்டும் என்பது. மனுவின் இன்னொரு பிரதியில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது மனுதான் முக்கியம். பிள்ளைகளை என்னிடமே ஒப்படையுங்கள் என்று கேட்பது. இதில் அழுது எழுதுவதைவிட ஏற்பாட்டை எழுதுவது உதவும். ராத்திரியில் பிள்ளைகளுடன் யார் இருப்பார்கள்? உங்கள் அம்மாவா, நாத்தனாரா, பக்கத்து வீட்டு அக்காவா? அவர் பெயர், ஆதார் நகல், "நான் உடன் இருப்பேன்" என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். கம்பெனியில் பகல் ஷிப்ட் மட்டும் கேட்டு, தந்தால் அதற்கான கடிதம். வெளியே பூட்ட மாட்டேன் என்ற உறுதி. பிள்ளைகளின் பள்ளி வருகைப் பதிவு, தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டு. கண்காணிப்புடன் பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் உத்தரவைப் பிறப்பிக்க 37-வது பிரிவு வழி தருகிறது. "சமூகப் பணியாளர் மாதாமாதம் வந்து பார்க்கட்டும், எனக்குச் சம்மதம்" என்று நீங்களே எழுதிவிட்டால், குழுவின் தயக்கம் பாதி குறைந்துவிடும். இந்த மனுவோடு போன பெற்றோர் மேல்முறையீடு வரை போகாமலே பிள்ளைகளை அழைத்துவந்ததுண்டு.

அதே மனுவில் நிதி ஆதரவும் கேட்கலாம். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் 2022 வழிகாட்டுதலின்படி, சொந்தக் குடும்பத்திலேயே வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் தர வழி உண்டு. கணவரை இழந்த தாயின் பிள்ளைகளும் அதில் வருவார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்கள் சம்பளம் அதைத் தாண்டினால் இந்த உதவி கிடைக்காது. ஆனால் அதனால் பிள்ளைகளைக் கேட்கும் உரிமை போகாது.

இறுதி உத்தரவு வரும் வரை காத்திருக்கையில், பிள்ளைகளைப் பார்க்க வாராவாரம் நேரமும், போனில் பேச அனுமதியும் கேளுங்கள். அக்காவையும் தம்பியையும் ஒரே ஊரிலாவது வையுங்கள் என்று கேளுங்கள். உடன்பிறந்தவர்களைச் சேர்த்து வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று 39-வது பிரிவு சொல்கிறது. எந்த இல்லம் என்பதைக் குழு தானே மாற்றிக்கொள்ள 104-வது பிரிவு இடம் தருகிறது. 7 வயதுப் பையன் அக்காவையும் விட்டுத் தனியாக இருக்கிறான் என்பதை நினைத்தாலே எனக்கு மனம் ஆறவில்லை. இதைத் தனிப் பத்தியாகவே எழுதுங்கள்.

குழு மறுத்தால், அல்லது உத்தரவே தவறு என்றால், 101-வது பிரிவின்படி குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. உத்தரவு தேதியிலிருந்து 30 நாள் அவகாசம். உங்களுக்கு அந்த 30 நாள் தாண்டிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். போதிய காரணம் இருந்தால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம். உத்தரவின் நகலே தரவில்லை என்பதைவிட நல்ல காரணம் வேண்டுமா? நான் முன்பு சொன்ன முத்திரையிட்ட மனு இங்கேதான் சாட்சி. மேல்முறையீட்டை 30 நாளில் முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதற்கும் மேலே, உத்தரவு சட்டப்படி சரிதானா என்று பார்க்க உயர் நீதிமன்றத்துக்கு 102-வது பிரிவில் சீராய்வு அதிகாரம் உண்டு. ஆட்கொணர்வு மனு, அதாவது சட்டவிரோதமாக வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு போடலாமே என்று சிலர் சொல்வார்கள். குழுவின் உத்தரவு இருக்கும்போது அது பெரும்பாலும் நிற்காது. பணமும் நாளும் வீணாகும்.

ஆட்சியரிடம் போக வேண்டியது உத்தரவுக்காக அல்ல, குழு நடந்துகொள்ளும் விதத்துக்காக. அலைக்கழிப்பது, நகல் தராதது, தரக்குறைவாகப் பேசுவது எல்லாம் இதில் வரும். 27-வது பிரிவின்படி குழு மீதான குறைகளைக் கேட்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியரே. இந்தச் சட்டத்தின் 2021 திருத்தம் 2022 செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, அவர் இரு தரப்பையும் கேட்டுத் தகுந்த உத்தரவு போட வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை குழுவின் செயல்பாட்டை ஆய்வு செய்வதும் அவர் கடமை. வழக்குகள் தேங்கினால் சரிசெய்யச் சொல்வார். அதன் பிறகும் 3 மாதம் தேக்கம் தொடர்ந்தால், மாநில அரசு அந்தக் குழுவையே கலைத்துப் புதுக் குழு அமைக்க வேண்டும். திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். "மாதத்தில் 20 நாளாவது குழு கூட வேண்டும், நான் போன நாட்களில் கூடவில்லை" என்று தேதிகளோடு எழுதினால், அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

இல்லத்தைப் பற்றிய புகார் இன்னொரு வகை. ஒவ்வோர் இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்துவது குற்றம். மாவட்ட ஆய்வுக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் கட்டாயம். ஒரு வாரத்தில் அறிக்கை ஆட்சியருக்குப் போக வேண்டும். குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களும் மாதம் 2 முறையாவது இல்லங்களைப் பார்வையிட வேண்டும். இந்த விதிகள் சும்மா வந்தவை அல்ல. மாமல்லபுரம் பகுதி அனாதை இல்லங்களில் நடந்த கொடுமைகள் பற்றி 2007-இல் போன ஒரு கடிதத்தை உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்தது. 2017 மே 5-இல் தந்த தீர்ப்பில், நாடு முழுவதும் உள்ள இல்லங்களின் பதிவையும் ஆய்வையும் முறைப்படுத்தச் சொன்னது. இல்லத்தில் கையெழுத்து கேட்டார்கள் என்பதை, கேட்ட தேதியோடு ஆட்சியருக்கும், மாநில குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதுங்கள். இந்தச் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பது ஆணையத்தின் பொறுப்பு. பிள்ளையின் உடம்பில் காயமோ, பேச்சில் பயமோ தெரிந்தால் மனுநாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றே 1098, அன்றே காவல் நிலையம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று யோசிப்பீர்கள். தேவையில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மேலே சொன்ன மனுக்களை எழுதித் தரவும், மேல்முறையீட்டை நடத்தவும் அவர்களே வக்கீல் நியமிப்பார்கள்.

படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு பேருக்குமே 6-லிருந்து 14 வயதுக்குள் கல்வி அடிப்படை உரிமை. இல்லத்தில் இருந்தாலும் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருக்க வேண்டும். டி.சி. வரவில்லை என்று எந்தப் பள்ளியும் சேர்க்க மறுக்க முடியாது. அடுத்த முறை பார்க்கப் போகும்போது இருவரின் நோட்டுப் புத்தகத்தையும் வாங்கிப் பாருங்கள். பள்ளிக்கே அனுப்பவில்லை என்று தெரிந்தால், ஆட்சியருக்கான மனுவில் அதை முதல் வரியாகப் போடுங்கள்.