முகாம் இருக்கட்டும், டாக்டர் வரும் கிழமை தெரியுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன ஊர். எங்கள் மகளிர் குழுவில் எல்லோரும் கொழுந்து பறிக்கிறவர்கள். சின்னப் பிள்ளைகள் முதல் வயசானவர்கள் வரை எல்லாருக்குமாக மனநல விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த நினைக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு டிரஸ்ட்காரர், “செலவு எங்களுடையது. ஒரே நாளில் ஊரையே பரிசோதித்து கார்டு கொடுத்துவிடுவோம். ஆதார் நகல் மட்டும் வாங்கி வையுங்கள்” என்கிறார். சம்மதிக்கலாமா? “மென்ட்டல் கூட்டத்துக்கு நாங்க வரமாட்டோம்” என்று இப்போதே சிலர் சொல்கிறார்களே, என்ன செய்வது?

பதில்: அம்மா, அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். முகாமில் ஒருவருக்கு நோய் இருக்கிறது என்று சொல்கிறீர்கள். அடுத்த வாரம் அவருக்கு மாத்திரை எங்கே, யார் தருவார்கள்? ஊரும் ஆளும் குறிப்பிட்டுப் பதில் சொல்லாவிட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இந்த மாதிரி முகாம்களில் ஒரு தாள் கொடுப்பார்கள். தூக்கம் சரியாக வருகிறதா, எரிச்சல் வருகிறதா, எதிலும் மனம் ஒட்டாமல் இருக்கிறதா என்று பத்துக் கேள்வி. பச்சைத் தேயிலை விலை இறங்கிக் கிடக்கும் மாதத்தில் இதற்கெல்லாம் ‘ஆமாம்’ போடாதவர் யார்? சாயங்காலத்துக்குள் பாதி ஊர் நோயாளியாகிவிடும். அந்தத் தாள் யாரை டாக்டர் உட்கார வைத்துப் பேசவேண்டும் என்று பிரிப்பதற்கு மட்டும்தான். அதை வைத்து நோய் என்று முடிவு கட்டவே முடியாது.

அதன் பிறகு போன் வரும். “உங்கள் வீட்டுக்காரருக்குக் குடி முற்றிவிட்டது, மூன்று மாதம் எங்கள் இல்லத்தில் சேருங்கள், ராத்திரியே வேன் அனுப்புகிறோம்.” முகாம் நடத்தியவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன். மனநல டாக்டரான என்னிடம் வந்த குடும்பங்கள் சிலவற்றின் கதை இப்படித்தான் தொடங்கியது: நகை அடகுக்குப் போயிருக்கும், உள்ளே இருப்பவரிடம் போனில்கூடப் பேச விட்டிருக்கமாட்டார்கள். ஆதார் நகலும் போன் நம்பரும் அவர்களுக்கு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். ஏற்கெனவே நகல் வாங்கியிருந்தால் உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சட்டம் இதில் நம் பக்கம்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயாளிகளைத் தங்க வைத்துச் சிகிச்சை தரும் எந்த இடமும் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைப் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது குற்றம். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத ஒருவரைக் குடும்பத்தார் சேர்ப்பதென்றாலும், மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லவேண்டும். முதல் தடவை 30 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ராத்திரி வேனில் நான்கு பேர் வந்து கையைக் கட்டித் தூக்கிப்போவது இதில் எந்த வகையிலும் சேராது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஓர் இல்லத்தில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அதற்குப் பிறகும் ‘இல்லம்’ என்று போர்டு மாட்டினாலே கும்பிடுகிறோம்.

குடி என்றதும் இன்னொன்று. “அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்” என்று பொடி விற்பவர்கள் மலையேறி வருகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. டைசல்ஃபிரம் என்ற மருந்து கலந்திருந்தால், அதன் மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நாங்கள் அதைக் கொடுத்தால் குடிப்பவரிடமே விளக்கி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்போம். பல வருஷமாகத் தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. இரண்டு, மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாத பூச்சிகள் ஊர்வதுபோலத் தெரிவது என்று போகும். அவரை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இனி உங்கள் கூட்டத்துக்கு வருவோம். நோட்டீஸில் மனநலம் என்றே போடவேண்டாம். ‘தூக்கம், குடி, பிள்ளைகள் படிப்பு, வயசானவர்கள் மறதி’ என்று போடுங்கள், தானாக வருவார்கள். எல்லா வயதையும் ஒரே பந்தலில் உட்கார வைக்காதீர்கள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எந்த மருமகள் வாயைத் திறப்பாள்? பெண்களிடம் கொழுந்து எடை போடக் காத்திருக்கும் நேரத்தில் பேசினாலே போதும்.

பிள்ளைகள் விஷயத்தில் தாய்மாருக்கும் ஆசிரியர்களுக்கும்தான் சொல்லவேண்டும். பள்ளிக்கூட நாளில் மட்டும் காலையில் வயிற்றுவலி, நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்குவது, யாரோடும் சேராமல் ஒதுங்குவது. இது இரண்டு வாரம் தாண்டினால் ‘கொழுப்பு’ என்று அடிக்காமல் காட்டுங்கள். மனநோய்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தலைகாட்டிவிடுகிறது. பிரசவமான பெண் சரியாகத் தூங்காமல், குழந்தையைத் தொடப் பயந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். யாராவது ‘சாகணும்போல இருக்கு’ என்றால் நேரடியாகக் கேட்டுப் பேசுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தோட்டத்துப் பூச்சிமருந்து டப்பாக்களை வேறு வீட்டில் பூட்டி வையுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 அரசின் இலவச மனநல உதவி எண், இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

வயசானவர்களுக்கு வருகிறேன். இதைக் கூட்டத்தில் இரண்டு தடவை சொன்னாலும் தப்பில்லை. மறதி மெதுவாக, வருஷக் கணக்கில் கூடுவது வேறு. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று குழம்புவது வேறு. ஒரு பாட்டியைக் கம்பளி சுற்றித் தூக்கி வந்தார்கள். “ராத்திரி முழுக்கப் போர்வையிலேயே கொழுந்து பறிச்சுக்கிட்டிருக்குது டாக்டர். பறிச்சுப் பறிச்சு முதுகுக் கூடையில போடுது” என்றார் மகள். என் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த விரல்கள் இரண்டு இலை, ஒரு மொட்டு என்று கிள்ளிக்கொண்டுதான் இருந்தன. முதலில் மந்திரிக்கக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அது மனநோயும் இல்லை, காத்துக்கருப்பும் இல்லை; சிறுநீரில் கிருமித் தொற்று. சளிக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கினாலும், ரத்தத்தில் உப்பு குறைந்தாலும், சர்க்கரை தாழ்ந்தாலும், கடையில் சும்மா வாங்கிப் போட்ட சளி மாத்திரையாலும் இதே குழப்பம் வரும். காலையில் தெளிவாக இருப்பார், இருட்டினால் உளறுவார். சிலர் உளறவும் மாட்டார்கள், சுருண்டு படுத்தே கிடப்பார்கள். ‘அசதி’ என்று விட்டுவிடுவோம். இவர்களை என்னிடம் கூட்டிவர வேண்டாம், மனநல டாக்டர் வரும் நாளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டுப் பொது மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். மூலகாரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடுவார்கள்.

கடைசியாக, முகாமுக்குப் பதில் என்ன? மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டரும் குழுவும் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாளில் வருவார்கள். மாத்திரை இலவசம். எந்தக் கிழமை என்பதை ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டு, ரேஷன் கடையிலும் மினி பஸ் நிற்குமிடத்திலும் எழுதி ஒட்டுங்கள். அரசாங்கம் ஒட்டவேண்டியதுதான். உலக மனநல நாளான அக்டோபர் 10 வந்தால் பேரணி, தொப்பி, பேனர் என்று செலவழிக்கிறவர்கள் ஒரு கிழமையை வாசலில் எழுதிப் போட மாட்டேன் என்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் கொடுத்து வருகிறவரை ‘டாக்டர் நேத்துதானே வந்தார்’ என்று திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி எங்கே போவார்? அந்த வேனைத்தான் தேடிப் போவார்.

கூட்டத்துக்கு அந்த மனநலத் திட்டக் குழுவையே கூப்பிடுங்கள். ஒரு மாதம் முன்னதாக ஆஸ்பத்திரித் தலைமை மருத்துவருக்குக் உங்கள் மகளிர் குழுத் தலைவியும் செயலாளரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.