பார்த்தால் மாறுமா எலக்ட்ரான்?

வணக்கம். குவாண்டம் இயற்பியல் பற்றிய உரை ஒன்றை அண்மையில் காணொளியில் கேட்டேன். எலக்ட்ரானைப் பார்த்தால் அது துகள், பார்க்காவிட்டால் அலை. ஆகவே நம் எண்ணமே பொருளை உருவாக்குகிறது, நோயையும் எண்ணத்தாலேயே மாற்றிவிடலாம் என்கிறார் பேச்சாளர். நான் வணிகவியல் படித்தவன். தவறு எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைக் கேட்டதிலிருந்து என் அக்கா தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார். நாம் பார்ப்பது எலக்ட்ரானுக்கு உண்மையிலேயே தெரியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தெரியாது. உங்கள் அக்காவின் மாத்திரையும் இதில் சிக்கியிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பேச்சாளரின் பேச்சுக்கு அடிப்படையான சோதனை உண்மையானதுதான். 1989-இல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்தில் அகிரா டோனோமுராவின் குழு அதை மிகத் தெளிவாகச் செய்து காட்டியது. மெல்லிய இழை ஒன்றின் இருபுறமும் வழிவிட்டு, எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். முதலில் திரையில் தாறுமாறாகச் சில புள்ளிகள். நூறு விழுந்த பிறகும் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் சேரச் சேர, இரண்டு அலைகள் கலக்கும்போது வருவதைப் போல, இருளும் ஒளியுமாகப் பட்டைகள் எழுந்து வந்தன. ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரே புள்ளியாகத்தான் பதிவானது. எங்கே விழ வாய்ப்பு அதிகம் என்பதில் மட்டும் அலையின் கணக்கு இருந்தது. துகள், அலை இரண்டின் தன்மையும் ஒரே படத்தில் தெரிகின்றன. நாம் பார்ப்பதும் பார்க்காததும் அவற்றைப் பிரிக்கவில்லை.

எந்தப் பக்கமாகப் போனது என்று கண்டறியக் கருவி வைத்தால் பட்டைகள் அழிந்துவிடும். இதுவும் உண்மை. பேச்சாளர் வழுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில்: அழிப்பது மனித மனம் என்று முடிவு கட்டிவிடுகிறார்.

அவருக்கு மறுப்பாக நான் காட்ட விரும்புவது 2004-இல் வியன்னாவில் நடந்த சோதனையை. எலக்ட்ரானுக்குப் பதில், 70 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளை அனுப்பினார்கள். அவற்றுக்கும் அந்த அலைப் பட்டைகள் கிடைத்தன. பிறகு, வழியிலேயே லேசர் கொண்டு அவற்றைச் சூடாக்கினார்கள். சூடான மூலக்கூறு, பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் போல, தானாகவே ஒளியை உமிழும். அந்த ஒளியை யாரும் பிடிக்கவில்லை, அளக்கவில்லை, பார்க்கவில்லை. ஆனாலும் பட்டைகள் மங்கின. வெப்பத்தை ஏற்ற ஏற்ற மேலும் மங்கி, கடைசியில் மறைந்தே போயின. மூலக்கூறு எங்கே இருந்தது என்ற தடயத்தை அந்த ஒளி வெளியே கொண்டுபோய்விட்டது. அதுவே போதுமானதாக இருந்தது. எவ்வளவு தடயம் கசிந்ததோ அவ்வளவு மங்கல். முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லக்கூடிய இந்த விளைவில் யாருடைய எண்ணத்துக்கும் வேலை இல்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனதுக்கு இதில் பங்கு உண்டு என்று பெரிய இயற்பியலாளர் ஒருவரே எழுதியிருக்கிறார். யூஜீன் விக்னர், 1961-இல். பின்னாளில் அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டார். குவாண்டம் கோட்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது என்ற விவாதம் இயற்பியலாளர்களிடையே இன்றும் ஓயவில்லை. அது ஓயாதிருப்பதை நான் விரும்புகிறேன். ஆனால் அந்த விவாதத்தில் எந்தத் தரப்பை எடுத்துக்கொண்டாலும், நாம் விரும்பிய முடிவை எலக்ட்ரானிடமிருந்து பெற வழியில்லை. திரையில் அடுத்த புள்ளி இன்ன இடத்தில் விழ வேண்டும் என்று எத்தனை பேர் நினைத்தாலும் நிகழ்தகவு இம்மியும் அசையாது. ஒரே ஒரு எலக்ட்ரானை நகர்த்த முடியாத எண்ணம் தைராய்டு சுரப்பியைக் குணப்படுத்தும் என்று மேடையேறிச் சொல்பவர்மீது எனக்குக் கோபம் வருகிறது.

அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் விழுங்கும் மாத்திரை பெரும்பாலும் தைராக்சினாக இருக்கும். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள். அவற்றை அங்கே பிணைத்து வைத்திருப்பவை எலக்ட்ரான்கள். அந்த மருந்து உடலின் செல்களில் போய்ப் பொருந்தி வேலை செய்வதும் எலக்ட்ரான்களின் செயலால்தான். அவர் தேடுகிற குவாண்டம் இயற்பியல் அந்த மாத்திரையில் இருக்கிறது. அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். அதுவரை ஒருநாள்கூட நிறுத்த வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதாகவே சொல்லுங்கள்.