வேர் மருந்துக்கு வேரையே வளருங்கள்: வாசகர் கேள்வி பதில்

செடியின் செல்லையோ சிறு துண்டையோ கிருமியில்லாத பாட்டிலில் வளர்க்கும் திசு வளர்ப்பு முறையில் மூலிகைச் சத்து எடுப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: மானாவாரி நிலத்தில் நித்தியகல்யாணி போடுகிறோம். இலைக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. இந்தச் செடியின் செல்லைப் பாட்டிலில் வளர்த்து, புற்றுநோய் மருந்தை நாங்களே எடுக்க முடியுமா?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: முடியாது. தடை செடிக்குள்ளேயே இருக்கிறது. வின்பிளாஸ்டின் என்ற மருந்து கேதரந்தின், வின்டோலின் என்ற இரண்டு பொருள்கள் சேர்ந்து உருவாவது. கேதரந்தினைப் பாட்டிலில் வளரும் செல்லும் வேரும் ஓரளவு தரும். வின்டோலின் அப்படியல்ல. அது உருவாகும் கடைசிப் படிகள் இலைக்குள் இருக்கும் பால் சுரக்கும் செல்களிலும் அவற்றையொத்த தனிச் செல்களிலும்தான் நடக்கும், வெளிச்சமும் வேண்டும். கேலஸ் என்பது இலையாகவும் வேராகவும் பிரியாத வெறும் செல் திரள். அதில் அந்தச் செல்கள் கிடையாது, அதனால் வின்டோலினும் கிடையாது. பல நாட்டு ஆய்வகங்கள் முயன்று முட்டி நின்ற இடம் இது. 2022இல் ஈஸ்ட்டுக்குள் மரபணுக்களைப் புகுத்தி இரண்டு பொருள்களையும் உண்டாக்கிக் காட்டினார்கள். அது திசு வளர்ப்பில் சேராத வேறு தொழில்நுட்பம்.

சுடுகாட்டு மல்லி என்று நம் பக்கத்தில் ஒதுக்கப்பட்ட இந்தச் செடிக்கு இன்றும் வயல்தான் இடம். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலையை உருவுங்கள். பன்னிரண்டாம் மாதம் வேரோடு பறியுங்கள். நிழலில் காய வையுங்கள். பூஞ்சை பிடித்த இலைக்கு எந்த வியாபாரியும் விலை தரமாட்டார். ஆடு மாடு வாய் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள், இலை நஞ்சு.

கேள்வி: எம்.எஸ்சி. ஆய்வுக்காக சர்ப்பகந்தி இலையிலிருந்து கேலஸ் வளர்க்கிறேன். பாதி பாட்டில்கள் நான்கே நாளில் கெடுகின்றன. பிழைத்தவை பழுப்பாகின்றன. நன்றாக வளர்ந்த கேலஸிலும் ரெசர்பின் என்ற ரத்த அழுத்த மருந்துப் பொருளின் அளவு மிகக் குறைவு. தவறு எங்கே?
(மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: மூன்றும் தனித்தனிச் சிக்கல்கள்.

முதலில் கெடுவது. எங்கே, எப்போது கெடுகிறது என்று பார்த்தாலே காரணம் தெரியும். இலைத் துண்டைச் சுற்றி இரண்டு முதல் நான்கு நாளில் பால் போன்ற வளையம் படர்ந்தால், துண்டோடு வந்த பாக்டீரியா. துண்டுக்குத் தள்ளி ஊடகத்தின் (துண்டு வளரும் சத்துக் கூழின்) மேல் பஞ்சுபோலத் திட்டு வந்தால், காற்றிலோ கையிலோ வந்த பூஞ்சை. துண்டு வைக்காத பாட்டிலும் கெட்டால் கிருமி நீக்கமே சரியில்லை. ஆகவே ஊற்றிய ஊடகத்தை மூன்று நான்கு நாள் சும்மா வைத்துப் பார்த்த பிறகே துண்டு வையுங்கள்.

இலையை ஓடும் தண்ணீரில் அரை மணி நேரம் கழுவுங்கள். 70 சதவீத ஆல்கஹாலில் 30 விநாடி. பிறகு கடையில் கிடைக்கும் 4 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு சேர்த்து, சோப்புபோல ஈரம் பரவச் செய்யும் ட்வீன்-20 இரண்டு சொட்டு விட்டு, 10 நிமிடம். கடைசியில் கிருமி நீக்கிய தண்ணீரில் ஐந்து முறை அலசல். பாதரசக் குளோரைடு வேகமாக வேலை செய்யும்தான், ஆனால் கழிவை எங்கே கொட்டுவீர்கள்? தவிர்த்துவிடுங்கள்.

ஊடகத்தைக் கிருமி நீக்க, ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரி, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 20 நிமிடம். பிரஷர் குக்கரில் செய்தால், நீராவி சீராக வந்து உள்ளிருக்கும் காற்றெல்லாம் வெளியேறிய பிறகே வெயிட் போடுங்கள். அடுப்பை அணைத்ததும் வெயிட்டைத் தூக்காதீர்கள். ஊடகம் பொங்கிப் பஞ்சடைப்பை நனைத்துவிடும். நனைந்த பஞ்சு பூஞ்சைக்கு வாசல். ஐப்பசி, கார்த்திகை மழையில் பஞ்சு தானாகவே ஈரமாகும். அந்த மாதங்களில் பிளாஸ்டிக் மூடிக்கு மாறிவிடுங்கள்.

எம்.எஸ். (முராஷிகி-ஸ்கூக்) என்ற உப்புக் கலவை ஊடகத்துக்கு லிட்டருக்குச் சர்க்கரை 30 கிராம், உறைய வைக்கும் அகார் 8 கிராம், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 5.8. கொதிக்கும்போது பி.எச். சற்று இறங்கும். தொடக்கத்திலேயே 5.2க்குக் கீழே வைத்தால் அகார் உறையாமல் கூழாக நிற்கும். போர்வெல் தண்ணீரின் உப்பு ஊடகத்தின் கணக்கையே மாற்றும், காய்ச்சி வடித்த தண்ணீர்தான் சரி. கேலஸை உண்டாக்கும் ஹார்மோனான 2,4-டி தண்ணீரில் எளிதில் கரையாது. சில சொட்டு ஆல்கஹாலில் கரைத்துப் பிறகு நீர் சேருங்கள். மில்லிக்கு 1 மி.கி. என்று தாய்க்கரைசல் வைத்துக்கொண்டால், லிட்டருக்கு ஒரு மில்லி விட்டால் 1 மி.கி. ஆகிவிடும்.

பழுப்பு என்பது வெட்டுக்காயத்திலிருந்து கசியும் பீனால் என்ற பொருள் காற்றுப்பட்டு நிறம் மாறுவது. லிட்டருக்கு அஸ்கார்பிக் அமிலம் 100 மி.கி. சேருங்கள், முதல் வாரம் இருட்டில் வையுங்கள், இரண்டு நாளில் புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். கரித்தூளும் பீனாலைப் பிடிக்கும். ஆனால் ஹார்மோனையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கேலஸ் ஊடகத்தில் அது வேண்டாம்.

இனி ரெசர்பின். சர்ப்பகந்தியில் அது சேர்வது வேரில், அதிலும் வேர்ப்பட்டையில். வேராகாத செல்லிடம் வேரின் சரக்கைக் கேட்டால் கிடைக்காது. நீங்கள் வளர்க்க வேண்டியது முடிபோல் அடர்ந்து கிளைக்கும் 'முடிவேர்'. அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியா காயத்தின் வழியே தன் மரபணுத் துண்டைச் செடிக்குள் செலுத்தும். அந்தச் செல்லிலிருந்து ஹார்மோன் இல்லாமலே வேர் கிளம்பும்.

பாட்டிலிலேயே வளர்ந்த செடியின் இலையை எடுத்து, பாக்டீரியாவில் தோய்த்த ஊசியால் நடுநரம்பில் குத்துங்கள். இரண்டு நாள் இருட்டில் வைத்து, பிறகு பாக்டீரியாவைக் கொல்லும் செஃபோடாக்ஸிம் மருந்து லிட்டருக்கு 500 மி.கி. உள்ள ஊடகத்துக்கு மாற்றுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் வேர் வரும். மூன்று செ.மீ. ஆனதும் நறுக்கி, ஒவ்வொரு வேரையும் தனி வரிசையாக எண்ணிட்டு வளருங்கள். ஒரே இலையில் முளைத்த இரண்டு வேர்கள் ஒரே அளவு சத்துத் தருவதில்லை. செஃபோடாக்ஸிமை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனையில், செடிக்குள் புகுந்த துண்டிலுள்ள ரால்-பி மரபணு தெரிய வேண்டும், பாக்டீரியாவிலேயே தங்கும் விர்-டி மரபணு தெரியக் கூடாது. விர்-டி தெரிந்தால் பாக்டீரியா இன்னும் உள்ளே இருக்கிறது. இது மரபணு மாற்ற வேலை, தொடங்கும் முன் கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும்.

அடுத்து 250 மில்லி குடுவையில் பாதிச் செறிவு எம்.எஸ். திரவம் 50 மில்லி, புது வேர் ஒரு கிராம், இருட்டு, 25 டிகிரி, ஷேக்கரில் (குடுவையை ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவி) நிமிடத்துக்கு 80 முதல் 100 சுற்று. அதற்கு மேல் வேகம் வைத்தால் வேர்நுனி அடிபட்டுக் கேலஸாகத் திரும்பும். நான்காவது வாரம் செடியின் தற்காப்பைத் தூண்டும் மெத்தில் ஜாஸ்மோனேட்டை 100 மைக்ரோமோலார் அளவில் விட்டு, சில நாளில் அறுவடை செய்யுங்கள். முன்கூட்டியே விட்டுவிடாதீர்கள். அது சத்தைக் கூட்டும், வளர்ச்சியை நிறுத்தும்.

கேள்வி: இதைத் தொழிலாகச் செய்யக் கடன் வாங்கலாமா?
(வாசகர், சேரன்மகாதேவி)

பதில்: முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். லிட்டருக்கு 10 கிராம் உலர் வேர் கிடைக்கிறது, அதில் சத்து 0.1 சதவீதம் என்று வையுங்கள். லிட்டருக்கு 10 மி.கி. ஒரு கிராம் சத்துக்கு 100 லிட்டர் ஊடகம், ஒரு மாத மின்சாரம், கெட்டுப்போகும் தொட்டிகளின் நட்டம். விற்கும் விலை இதைத் தாங்க வேண்டும்.

ஜப்பானில் மிட்சுயி நிறுவனம் 1980களில் ஷிகோனின் என்ற சிவப்புச் சாயப் பொருளைச் செல் வளர்ப்பில் எடுத்து வென்றது. செடியின் வேர் முதிரச் சில ஆண்டுகள் ஆகும். தொட்டியில் மூன்று வாரம் போதும். வேரில் உள்ளதைவிடப் பல மடங்கு சத்தும் செல்லில் இருந்தது. டாக்ஸால் மருந்தையும் யூ மரச் செல்லிலிருந்து பெரும் தொட்டிகளில் எடுக்கிறார்கள், ஏனென்றால் மெதுவாக வளரும் மரத்தின் பட்டையை உரித்துத் தேவையை ஈடுகட்ட முடியாது. செடி அரிதாகவும் மெதுவாகவும், பொருள் விலை உயர்ந்ததாகவும் இருக்கும் இடத்தில்தான் தொட்டி வெல்லும். அப்படி ஒரு பொருளும் அதை வாங்க எழுத்தில் ஒப்புக்கொண்ட நிறுவனமும் கையில் இல்லாமல் கடன் வாங்காதீர்கள்.

கேள்வி: நம் நிலாவாரைக்கு இது பொருந்துமா?
(வாசகி, நாங்குநேரி)

பதில்: வேண்டாம். உலகச் சந்தையில் நம் ஊர்ப் பெயராலேயே 'டின்னவேலி சென்னா' என்று விற்கும் செடி இது. விதை மலிவு, வறட்சி தாங்கும், பேதி மருந்துப் பொருளான சென்னோசைடு இலையிலேயே தாராளமாக இருக்கிறது.

கேள்வி: திசு வளர்ப்புக்குத் துண்டு எடுக்கும் தாய்ச்செடியை முண்டந்துறைக் காட்டிலிருந்து எடுக்கலாமா?
(வாசகர், பாபநாசம்)

பதில்: கூடாது. அது புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியின்றி ஒரு செடியைப் பிடுங்குவதும் குற்றம். பதிவு பெற்ற நாற்றங்காலில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: கத்திரி வெயிலில் கரண்ட் போனால் எதை முதலில் காப்பாற்றுவது?
(ஆய்வக உதவியாளர், அம்பாசமுத்திரம்)

பதில்: ஷேக்கரை. நின்றவுடன், திரவத்தில் மிதந்து வளரும் தனிச்செல்கள் அடியில் படிந்து, காற்றில்லாமல் சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். இன்வெர்ட்டர் இணைப்பை முதலில் அதற்குக் கொடுங்கள். வேர்க் குடுவைகள் இன்னும் சற்றுத் தாங்கும். விளக்கு அணைந்தால் கவலையில்லை. வேருக்கு எப்படியும் இருட்டுதான். ஏ.சி. நின்ற அறையின் கதவை அடிக்கடி திறக்காதீர்கள். அகார் பாட்டில்களைத் தரையோடு ஒட்டிய கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள், மேல்தட்டில்தான் வெப்பம் முதலில் ஏறும். மின்சாரம் வந்ததும் குளிர்ந்த பாட்டில் மூடியில் நீர் கோத்திருக்கும். அதைச் சாய்க்காமல் அப்படியே விடுங்கள். ஒரு வாரம் கழித்து மூடியோரம் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து, இருப்பதைத் திறக்காமலே ஆட்டோகிளேவில் போட்டுவிடுங்கள்.