இன்ஜினின் பின்வாய் ஏன் விரிகிறது? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஆஃப்டர்பர்னர் (டர்பைனுக்குப் பின்னால் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) போட்டதும் போர் விமான இன்ஜினின் பின்முனை பூ மலர்வதுபோல் விரிகிறது. தோட்டத்துக் குழாயில் விரலை வைத்து அடைத்தால்தானே தண்ணீர் பீய்ச்சியடிக்கும்? வேகம் வேண்டுமென்றால் வாயைக் குறுக்க வேண்டாமா?
– வாசகர், மதுரை

பதில்: தண்ணீர்க் குழாய்க் கணக்கு இங்கே செல்லாது. பின்வாயை நாசில் என்பார்கள். அதன் மிகக் குறுகிய இடமான கழுத்தில், முழு வேகத்தில் ஓடும்போது வாயு ஏற்கெனவே ஒலியின் வேகத்தைத் தொட்டிருக்கும். அந்த நிலையில் கழுத்தைத் தாண்டி நொடிக்கு எத்தனை கிலோ வாயு போகலாம் என்பதற்கு ஒரு வரம்பு வந்துவிடுகிறது. வாயு சூடாகச் சூடாக அந்த வரம்பு வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும்.

1000 கெல்வினில் வந்த வாயுவை ஆஃப்டர்பர்னர் 2000 கெல்வினுக்குச் சுடவைக்கிறது என்று வையுங்கள். 2-இன் வர்க்கமூலம் 1.41. அதே எடை வாயு அதே அழுத்தத்தில் வெளியேற, கழுத்தின் பரப்பு 41 சதவீதம் கூட வேண்டும். விட்டத்தில் பார்த்தால் 19 சதவீதம்தான்.

விரியாவிட்டால், வாயு சுழற்றும் சக்கரமான டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் தேங்கும். முன்னால் ஃபேன் எனும் விசிறி வைத்து, காற்றில் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் அனுப்பும் டர்போஃபேன் இன்ஜினில் அந்தத் தேக்கம் பக்கவாட்டுக் காற்றுப்பாதை வழியாக நேரே ஃபேனுக்குப் போய் முட்டும். ஃபேன் திணறி, காற்று பின்னோக்கிப் பாய்ந்தால் 'டமார்' என்ற வெடிச்சத்தம். சில சமயம் முன்வாயிலேயே தீ தெரியும். இதற்குப் பெயர் சர்ஜ். அதனால்தான் கன்ட்ரோல் அமைப்பு எரிபொருளையும், வாயைச் சுற்றியுள்ள தகடுகளான இதழ்களையும் ஒன்றுக்கொன்று பிடித்துக்கொண்டே நகர்த்துகிறது. ஏற்றும்போது வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும். இறக்கும்போது முதலில் தீ குறையும், பிறகே வாய் மூடும்.

கேள்வி: இந்த இதழ்களைத் தள்ளுவது எது? எண்ணெயா, காற்றா, மின்மோட்டாரா?
– வாசகர், கோவை

பதில்: முதலில் சுமையைப் பாருங்கள். 15 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளமுள்ள ஓர் இதழின் இரு பக்கத்துக்கும் சராசரியாக 1 பார் அழுத்த வேறுபாடு இருந்தாலே, அதன்மேல் சுமார் 600 கிலோ எடைக்குச் சமமான விசை. இப்படி ஒரு டஜன் இதழ்கள். ஒவ்வொன்றுக்கும் தனி சிலிண்டர் வைத்தால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஆகவே பல இன்ஜின்களில் எல்லா இதழ்களையும் ஒரே வளையத்தில் கோத்து, மூன்று நான்கு ஆக்சுவேட்டர்களால் (தள்ளி இழுக்கும் கருவிகளால்) அந்த வளையத்தை முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள்.

தள்ளும் சக்திக்கு மூன்று வழிகள் பரவலாக உண்டு. அமெரிக்காவின் ஜே79 இன்ஜினில் உயவு எண்ணெயே ஹைட்ராலிக் திரவமாகவும் (அழுத்தத்தால் தள்ளும் திரவமாகவும்) வேலை செய்தது. எஃப்-15, எஃப்-16 விமானங்களின் எஃப்100 இன்ஜினில் காற்றை அழுத்தும் கம்ப்ரெசரிலிருந்து எடுத்த காற்று ஒரு மோட்டாரைச் சுழற்றும்; வளையும் தண்டுகள் வழியாக அந்தச் சுழற்சி பால் ஸ்க்ரூக்களுக்குப் (குண்டுகள் மேல் உருண்டு, சுழற்சியை நேர் நகர்வாக மாற்றும் திருகுகள்) போகும். எஸ்ஆர்-71 விமானத்தின் ஜே58 எரிபொருளையே திரவமாகப் பயன்படுத்தியது. எஃப்-35பி செங்குத்தாக இறங்கும்போது 95 டிகிரி வரை கீழே திரும்பும் பின்குழாயைத் தள்ளுவதும் எரிபொருள் அழுத்தம்தான்.

எது சிறந்தது என்பதைவிட, அந்தச் சக்தி தீர்ந்துபோனால் இதழ்கள் எந்தப் பக்கம் சாயும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். உள்ளிருந்து வாயு எப்போதும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. பிடி விட்டால் வாய் திறந்துகொள்ளும். ஆஃப்டர்பர்னர் எரியாதபோது வாய் முழுக்கத் திறந்தால் உந்துவிசை படுத்துவிடும். எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரில் இருந்தது ஒரே ஜே79. எண்ணெய் ஒழுகி நாசில் திறந்துகொண்டால், நன்றாகச் சுழலும் இன்ஜினை வைத்துக்கொண்டே விமானம் உயரத்தை இழக்கும். அதற்காகவே அவசரத்தில் நாசிலை மூட ஒரு கைப்பிடியைப் பின்னாளில் பைலட்டின் அறையில் சேர்த்தார்கள்.

இரண்டு ஜே79 கொண்ட எஃப்-4 ஃபான்டமில் இதே பலவீனம் ஓர் எச்சரிக்கை மணியாகவும் உதவியது. எண்ணெய்த் தொட்டிக்குள் நாசிலுக்கான உறிஞ்சுகுழாய், பேரிங்குகளுக்கான குழாயைவிட உயரத்தில் இருக்கும். எண்ணெய் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது நாசில்தான். நாசில் சொன்னபடி கேட்கவில்லை என்றால் எண்ணெய் போய்க்கொண்டிருக்கிறது என்று பைலட் சந்தேகப்படலாம். பேரிங்குக்கு இன்னும் மிச்சமிருக்கும். தொட்டிக்குள் ஒரு குழாயின் உயரத்தை மாற்றிக் கிடைத்த காவல் இது.

பழுது எங்கே வரும்? திரவ வகையில் பெரும்பாலும் இன்ஜினை நிறுத்திய பிறகு. ஓட்டம் நின்ற திரவம் சூடான சிலிண்டருக்குள் தேங்கிக் கரியாகும், அந்தத் துகள் சீலைக் கீறும், கசிவு தொடங்கும். ஓடும் நேரத்துச் சூட்டைச் சமாளிக்க, பிஸ்டனிலேயே ஊசித்துளை வைத்துச் சிறிதளவு திரவத்தை இடைவிடாமல் ஓடவிடுவதுண்டு. ஸ்க்ரூ வகையில் உராய்வு குறைவாக இருப்பதே தொல்லை. சுமை தள்ளினால் பால் ஸ்க்ரூ தானாகப் பின்னால் சுழலும், பிரேக் இல்லாமல் நிற்காது. வளையும் தண்டு ஒன்று அறுந்தால் வளையம் கோணி இறுகிக்கொள்ளும். மின்மோட்டார் சுத்தமான வழிதான், ஆனால் இவ்வளவு சூட்டுக்குப் பக்கத்தில் காந்தமும் கம்பிச்சுருளும் வலுவிழக்கும்.

கேள்வி: தஞ்சாவூர் தளத்துச் சுகோய் விமானங்களின் படங்களில் பின்வாய் கீழ்நோக்கிச் சாய்ந்து தெரிகிறது. பழுதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பழுதில்லை. 2020 ஜனவரி முதல் அங்கே இருக்கும் 222-ஆவது படைப்பிரிவின் சுகோய்-30எம்கேஐ விமானங்களில் உள்ளது ஏஎல்-31எஃப்பி இன்ஜின். இதில் வாய் விரிவது ஒரு வேலை. நாசில் மொத்தமாகத் திரும்புவது வேறு வேலை. திருப்புவது ஹைட்ராலிக் ஜாக்குகள். அழுத்தம் இறங்கியதும் கனமான நாசில் தன் எடையில் தொங்கும். ஒவ்வொரு நாசிலும் ஒரே தளத்தில்தான் 15 டிகிரி இருபுறமும் திரும்பும். ஆனால் அந்தத் தளம் 32 டிகிரி வெளிப்புறம் சாய்ந்திருப்பதால், இரண்டு நாசில்களையும் சேர்த்துத் திருப்பினால் மூக்கு ஏறி இறங்கும். எதிரெதிராகத் திருப்பினால் பக்கவாட்டிலும் திரும்ப முடியும்.

கேள்வி: கல்லூரிக் கண்காட்சிக்கு ஓடும் மாதிரி செய்ய விரும்புகிறோம். அளவுகள் சொல்ல முடியுமா?
– மாணவர் குழு, சேலம்

பதில்: மூடிய வாய் 100 மி.மீ., திறந்தால் 119 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் பதிலில் சொன்ன அதே 1.41 மடங்கு. 12 இதழ்கள், 1 மி.மீ. அலுமினியத் தகடு, நீளம் 80 மி.மீ. கீல்களின் வட்டம் 141 மி.மீ. விட்டம். மூடிய நிலையில் இதழ் 15 டிகிரி உள்ளே சாய்ந்திருக்கும், திறந்தால் 8 டிகிரி. ஏழே டிகிரி அசைவு. கீல் பக்கம் 36, நுனியில் 25.5 மி.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள்.

திறக்கும்போது நுனியில் ஒவ்வோர் இடைவெளியும் சுமார் 5 மி.மீ. கூடும். அதை மறைக்க 12 மி.மீ. அகலப் பட்டைகளை உள்பக்கம் வையுங்கள். உண்மையான இன்ஜினில் வாயுவே பட்டையை இதழோடு அழுத்திப் பிடிக்கும். உங்கள் மாதிரியில் வாயு இல்லை, மெல்லிய கொக்கி தேவை.

கீலில் 30 மி.மீ. உயரக் கொம்பு வைத்து வளையத்தோடு இணைத்தால், வளையம் 3.7 மி.மீ. நகர்ந்தாலே போதும். ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும் புரியுள்ள எம்6 திருகு மூன்றை 120 டிகிரிக்கு ஒன்றாக நிறுத்தி, ஒரே மோட்டாரிலிருந்து பல்பெல்ட் போட்டு மூன்றையும் சுழற்றுங்கள். மூன்று தனி மோட்டார் வேண்டாம். ஒரு திருகு ஒரே ஒரு சுற்று பிந்தினாலும் அந்தப் பக்கத்து இதழ் நுனி 2.7 மி.மீ. விலகும்; வளையமும் கோணிச் சிக்கும்.

பெல்ட்டை மாட்டுவதற்கு முன், வாயில் 100 மி.மீ. வட்டத்தகடு ஒன்றை வைத்து, 12 இதழ்களும் அதைத் தொடும்வரை ஒவ்வோர் இணைப்பின் நீளத்தையும் திருத்தி லாக்நட் போட்டுவிடுங்கள்.