சாயங்காலம் ஆறு மணியைச் சமாளிப்பது: மலாவியில் இருக்கும் இளம் மிஷனரிக்கு

கேள்வி: எனக்கு 23 வயது. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். இரண்டு வருட ஊழியத்துக்காக மலாவிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. சோம்பாவுக்கு அருகே ஒரு கிராமத்தில், மிஷன் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பகல் எப்படியோ ஓடிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் நெஞ்சை அடைக்கிறது, அழுகை வருகிறது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை அம்மாவுக்குப் போன் பண்ணுகிறேன். பேசி முடித்தபின் இன்னும் மோசமாகிறது. சரியான தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஊரில் ஒரு நண்பர், "கலப்பையில் கை வைத்தவன் பின்னிட்டுப் பார்க்கக் கூடாது" என்கிறார். ஊழியத்துக்கு ஆண்டவரின் அழைப்பு இல்லாமலே வந்துவிட்டேனா? டிக்கெட் போடச் சொல்லலாமா?

பதில்: டிக்கெட்டைப் பற்றிக் கடைசியில் பேசலாம். அதற்கு முன்னால் ஒரு மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. மலேரியா வராமலிருக்க என்ன போடுகிறீர்கள்? வாரம் ஒரு தடவை போடும் மெஃப்லோகுயின் என்றால், உங்கள் பிரச்சினையில் ஒரு பங்கு அதனுடையதாக இருக்கலாம். தூக்கமின்மை, பயங்கரக் கனவுகள், பதற்றம், மனச்சோர்வு எல்லாம் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் இதற்காகவே அதன் எச்சரிக்கையை மிகக் கடுமையான வகைக்கு உயர்த்தியது. அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். அதுதான் என்றால் அடுத்த மாத்திரை போடும் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் உங்கள் மனநிலையைச் சொல்லி மாற்று மருந்து கேளுங்கள். டாக்ஸிசைக்ளினோ, அடோவாகுவோன்–புரோகுவானிலோ தருவார்கள். இரண்டுமே தினசரி மாத்திரைகள். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றது இல்லாமல் மட்டும் இருக்காதீர்கள், நீங்கள் இருப்பது மலேரியா நாடு. காய்ச்சலோ, உடம்பு வலியோ, காரணமில்லாத அசதியோ இருந்தால் அன்றே விரலில் குத்திப் பார்க்கும் சோதனையைச் செய்துவிடுங்கள். ஊர் ஏக்கத்தால் காய்ச்சல் வராது.

உடம்பின் பங்கைக் கழித்தபின் மீதி இருப்பது ஏக்கம்தான். அதற்கான சாவியை உங்கள் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள்: பகல் ஓடிவிடுகிறது. ஊழியம் பிடிக்கவில்லை என்றாலோ, அழைப்பே இல்லை என்றாலோ பகல்தான் முதலில் கசந்திருக்கும். உங்களுக்குக் கசப்பது இருட்டிய பிறகு வரும் மூன்று மணி நேரம். ஊர் ஏக்கம் நாள் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. வேலையும் ஆளும் இல்லாத நேரத்தில்தான் வந்து உட்காரும். ஆகவே உங்கள் அழைப்பைச் சோதிப்பதை விட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்தேகாலிலிருந்து எட்டரை வரைக்கும் உள்ள நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஐந்தேகாலுக்கும் ஆறரைக்கும் இடையில் மறைந்துவிடும். மின்வெட்டும் சகஜம். இருட்டில் தனியாக உட்காருவதுதான் பாதி வியாதி. சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் விளக்கைக் காலையிலேயே வெயிலில் வைத்துவிடுங்கள். பள்ளி முடிந்ததும் அறைக்குப் போகாமல் பையன்களோடு பந்து விளையாடுங்கள். வேர்த்து, பசித்து, இருட்டும் முன் வீடு திரும்புங்கள். இப்போது மத்தியானமே நோட்டுத் திருத்துகிறீர்கள் என்றால் அதை இரவு ஆறரைக்குத் தள்ளிவையுங்கள். கணக்கு நோட்டு நாற்பது கையில் இருந்தால் மனம் அலைய இடம் குறைவு. இது சின்ன மாற்றம்தான், ஆனால் பலருக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுவே அதிகம் உதவுகிறது.

வாரத்தில் இரண்டு இரவு சாப்பாடு ஏதாவது ஒரு வீட்டில் இருக்கட்டும். பத்து வீட்டுக்கு ஒவ்வொரு தடவை போவதைவிட இரண்டு வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவதே நல்லது. பத்து வீட்டில் நீங்கள் விருந்தாளி, இரண்டு வீட்டில் பிள்ளை. வாசலில் நின்று "ஓடி" (வரலாமா) என்று குரல் கொடுங்கள், "ஓடினி" (வாருங்கள்) என்று பதில் வந்தபின் உள்ளே போங்கள். போனதும் விஷயத்துக்கு வராமல் "முலி ப்வாஞ்சி" என்று நலம் கேட்டு, அவர்கள் கேட்கும்போது "ந்திலி ப்வினோ, காயா இனு" (நன்றாக இருக்கிறேன், நீங்கள்?) என்று முழுதாகச் சொல்லுங்கள். அங்கே இதைத் தாண்டிப் பேச்சைத் தொடங்குவது மரியாதை இல்லை. கையில் ஒரு பாக்கெட் சர்க்கரை கொண்டுபோனால் போதும். சிச்சேவா மொழியைத் தினம் அரைமணி நேரம் அந்த வீட்டு ஆட்களிடமே கற்றுக்கொள்ளுங்கள். மொழி தெரியாத இடத்தில் மனிதன் பாதி ஊமை. உங்கள் ஏக்கத்தில் அந்த ஊமைத்தனத்தின் பங்கும் இருக்கும்.

அழுகைக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஏழரை முதல் ஏழு ஐம்பது வரை ஒரு நோட்டில் மனதில் இருப்பதை எழுதுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். நேரம் முடிந்ததும் முகம் கழுவிவிட்டு அடுத்த வேலை. அடக்கிவைத்தால் படுக்கையில் வந்து சேரும்.

இனி போன். மலாவி நேரம் இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி பின்னால். உங்களுக்கு மனம் உடையும் ஆறு மணிக்கு ஊரில் ஒன்பதரை. அம்மா நாளெல்லாம் உழைத்துக் களைத்து, படுக்கப்போகும் நேரம். நீங்கள் அழுகிறீர்கள், அவர் பதறி, "வந்துருப்பா, டிக்கெட்டுக்கு நாங்க பாத்துக்கிறோம்" என்கிறார். வைத்ததும் இரண்டு பேருக்கும் தூக்கம் போகிறது. முகாம்களுக்குப் போகும் பிள்ளைகளின் வீட்டு ஏக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர் போன்றவர்கள் பெற்றோருக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கஷ்டமாக இருந்தால் வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கு இருக்கும்வரை மனம் புது இடத்தில் காலூன்றப் பார்க்காது, கிளம்பும் நாளையே எண்ணிக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரேயடியாக நிறுத்தினால் தாங்காது. முதல் வாரம் தினம் ஒரே அழைப்பு, 15 நிமிடம், மத்தியானம் இரண்டு மணிக்கு. ஊரில் அப்போது ஐந்தரை, காப்பி நேரம். இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாம் வாரத்திலிருந்து புதனும் ஞாயிறும் மட்டும், ஆனால் அரைமணி நேரம். அழைப்பு இல்லாத நாளில் காலையில் ஒரு குரல் செய்தி அனுப்புங்கள், பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். குடும்ப வாட்ஸப் குழுவையும் சபைக் குழுவையும் மௌனத்தில் போட்டு, நாளுக்கு ஒரே தடவை வெளிச்சத்தில் பாருங்கள். சபை விருந்தான அசனப் பந்தியின் வீடியோவை ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்தால் யாருக்கும் தொண்டை அடைக்கும்.

இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் குறைத்தால் பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று அவரே கூப்பிடத் தொடங்கிவிடுவார். "அம்மா, நான் அழுதா கேளுங்க. வந்துருன்னு மட்டும் அந்தப் போன்ல சொல்லாதீங்க. இன்னைக்கு என்ன சமைச்சீங்க, கெணத்துல தண்ணி எவ்வளவு கிடக்குன்னு சொல்லுங்க." சாதாரண வீட்டுச் செய்தி மனதைக் கிளறாது, ஆற்றும்.

சாப்பாட்டில் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. நம் சமையலின் முக்கியமான பொருட்கள் தெற்கு மலாவியில் வேறு பெயரில் கிடைக்கின்றன. நந்தோலோ என்று சந்தையில் விற்பது துவரைதான், தோலோடு முழுதாக. இரவே ஊறவைத்தால் குக்கர் இல்லாமலும் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிடும். ஊறவைக்காமல் போட்டால் கரிதான் தீரும். ப்வெம்பா என்பது புளி, ஏரிக்கரைப் பக்கமும் ஷிரே பள்ளத்தாக்கிலும் விளைவது. சம்வம்பா நம் முருங்கை. உசிபா என்ற சிறு ஏரிமீனை வெயிலில் காயவைத்து விற்பார்கள். நெத்திலிக் கருவாடு சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பேருக்கு ரசம் வைக்க: ஓடு நீக்கிய புளி சிறு எலுமிச்சை அளவு, தண்ணீர் மூன்று டம்ளர், தக்காளி இரண்டு, பூண்டு நாலு பல், மிளகும் சீரகமும் சேர்த்துத் தட்டியது இரண்டு டீஸ்பூன், கொஞ்சம் மஞ்சள், உப்பு, வேகவைத்த நந்தோலோ ஒரு கை. கருவேப்பிலைக்கு மட்டும் ஊரிலிருந்து காய்ந்த இலை வரவேண்டும். கிலோம்பெரோ அரிசி மணமாக இருக்கும், விலைதான் கூட.

ஆனால் தினமும் இதைச் சமைத்துத் தனியாகச் சாப்பிடாதீர்கள். அப்படிச் செய்பவர்களுக்கு ஏக்கம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை, அறைக்குள்ளேயே ஒரு குட்டி நாசரேத் உண்டாகி வெளியே போக மனம் வராது. சனிக்கிழமை ஒருநாள் ஊர்ச் சமையல், அதுவும் யாரையாவது கூப்பிட்டு. மற்ற நாட்களில் எல்லோரோடும் உட்கார்ந்து ன்சிமா என்ற மக்காச்சோளக் களியைக் கையால் உருட்டிச் சாப்பிடுங்கள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போர்வை கொண்டுபோகாமல் போனவர்கள் உண்டு. மே கடைசியிலிருந்து ஜூலை வரை சோம்பா மேட்டுப்பகுதியில் நன்றாகக் குளிரும். குளிரில் தூக்கம் கெட்டால் மறுநாள் சாயங்காலம் இரட்டிப்பாகக் கனக்கும். ஒரு தடித்த போர்வையும் ஸ்வெட்டரும் வாங்கிவிடுங்கள். போனைக் கொசுவலைக்குள் எடுத்துப்போக வேண்டாம்.

ஆவிக்குரிய பக்கத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: இப்போதைக்கு உபவாசம் வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருக்கும்போது உபவாச ஜெபம் மனச்சோர்வை ஆழமாக்கும். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். தின்று, திரும்பவும் தூங்கினான். ஓரேப் மலைக்குப் போனது அதற்குப் பிறகு. உங்கள் நண்பர் சொல்லும் கலப்பை வசனமும் சீஷனாவதற்குப் போக்குச் சொன்னவனுக்குச் சொன்னது, ஊரை நினைத்து அழுதவனுக்குச் சொன்னதல்ல. மணப்பாடு கடற்கரையில் நடந்த சவேரியார் 1546-இல் மொலுக்கா தீவுகளிலிருந்து எழுதிய கடிதத்தில், தன் தோழர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து அவர்கள் பெயரை வெட்டியெடுத்துத் தன்னோடு சுமந்து திரிவதாகச் சொல்கிறார். ஏக்கம் அவருக்கும் இருந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அறைச்சுவர் முழுக்கப் போட்டோ ஒட்டாதீர்கள்.

ஜெபக்கடிதமும் ஒரு சுமை. தாங்குகிற சபைக்கு மாதாமாதம் வெற்றிச் செய்தியாகவே எழுதிப் பழகியவர்கள், கஷ்டத்தைச் சொல்ல ஆளில்லாமல் போய்விடுகிறார்கள். பொதுக் கடிதத்தில் ஒரே வரி போதும்: "மாலை நேரத் தனிமைக்காக ஜெபியுங்கள்." விவரத்தை இரண்டு பேருக்கு மட்டும் தனியாக எழுதுங்கள், அதில் ஒருவர் வேறு நாட்டில் ஊழியம் செய்து திரும்பியவராக இருக்கட்டும்.

டிசம்பரை இப்போதே யோசித்து வையுங்கள். ஊரில் கேரல் ரவுண்ட்ஸ், அங்கே மழைக்காலம். நாசரேத்தில் விடியற்காலை நாலரைக்கு கிறிஸ்துமஸ் ஆராதனை என்றால் உங்களுக்கு நள்ளிரவு ஒரு மணி. அதைப் போனில் நேரலையாகப் பார்க்க விழித்திருக்க வேண்டாம். இருபத்தைந்தாம் தேதி மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்பது நவம்பரிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

டிக்கெட்டுக்கு வருவோம். ராத்திரியில் முடிவெடுக்காதீர்கள், காய்ச்சலில் எடுக்காதீர்கள், போனில் அழுதுகொண்டும் எடுக்காதீர்கள். மேலே சொன்னவற்றை எட்டு வாரம் செய்துபார்த்து, பொறுப்பாளரோடு ஒரு காலை நேரத்தில் உட்கார்ந்து முடிவெடுங்கள். நாளை இப்போதே குறித்துவிடுங்கள். தேதி தெரிந்தால் தினமும் அதே கேள்வியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

எட்டு வாரம் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. ஊர் ஏக்கம் உள்ளவர் பந்து விளையாடும்போது சிரித்துவிடுவார். இரண்டு வாரமாக நாள் முழுவதும் மனம் எதிலும் ஒட்டாமல், பகலும் இருண்டுபோய், எடை இறங்கி, வகுப்புக்குப் போக முடியாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே, அந்த மணி நேரமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். மலாவியின் அரசு மனநல மருத்துவமனை சோம்பாவிலேயே இருக்கிறது, உங்களுக்குத் தூரமில்லை. என்ன செய்வதென்று புரியாமல் தவிக்கும் உங்கள் வீட்டார் ஊரிலிருந்து இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-இல் ஆலோசனை கேட்கலாம். அங்கே மேலே இருப்பவர் உங்களை மோசமாக நடத்துவதுதான் காரணம் என்றால், அதற்கு இந்தக் குறிப்புகள் எதுவும் மருந்தல்ல. அனுப்பிய சங்கத்துக்கு நேரடியாக எழுதி இடம் மாறுங்கள்.

எட்டு வாரம் கழித்தும் திரும்புவதே சரி என்று தெரிந்தால் திரும்புங்கள். பெர்கே பட்டணத்தில் பவுலை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிய மாற்குவையே, பிற்பாடு ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமானவன் என்று பவுல் கேட்டு வரவழைத்தார்.

பொறுப்பாளருக்கு இன்றே அனுப்ப இவ்வளவு போதும்: "ஐயா, சாயங்காலங்களில் ஊர் ஏக்கம் கடுமையாக இருக்கிறது, தூக்கமும் சாப்பாடும் குறைந்திருக்கிறது. மலேரியா மாத்திரையைப் பற்றி இந்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறேன். போனைக் குறைத்து, இரண்டு குடும்பங்களோடு பழகத் தொடங்குகிறேன். எட்டு வாரம் கழித்து உங்களோடு பேச ஒரு நாள் வேண்டும். அதுவரை வாரம் ஒருமுறை நீங்கள் என்னைக் கூப்பிட முடியுமா?"